வெள்ளிப் பெயின்ற் பூசிய தடியை வாங்காதே

அன்பு மகனுக்கு,

இங்கே அம்மா சுகம், நான் சுகம், கோழிகள் மூன்றும் சுகம். என் வயிறு மட்டும் சுகமில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து நீயும் உன் மனைவியும் வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பண்டத்தரிப்புச் சந்தியிலுள்ள பழைய இரும்புக் கடையில் பாரம் தூக்கும் தடி ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாய். அப்போது பிடித்த குமட்டல் இன்னும் நிற்கவில்லை. அம்மா இஞ்சி அவித்துத் தந்தாள். இஞ்சிக்கு அடங்குகிற குமட்டல் இல்லை இது.

நீ சொன்னது சொல்லுக்குச் சொல் காதில் நிற்கிறது.

"ஆறடி நீளம் அப்பா. பளபளவெண்டு வெள்ளிப் பெயின்ற் அடிச்சிருக்கு. தூக்கிப் பாத்தன், பாரத்தட்டுக் கொளுவாமலே நல்ல பாரம். விலையும் கைக்கு அடக்கம்."

"கண்ணாடியும் ஒண்டு வாங்கு மோனை," என்றேன் நான். "நீ தூக்கிறதை ஆர் பாக்கிறது?"

அம்மா சிரித்தாள். உன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீயும் சிரித்துவிட்டு, வீட்டின் பின்பக்கக் கொட்டிலில் வாங்குப் பலகை ஒன்று போட்டு அதில் படுத்துக்கொண்டு தூக்கப்போவதாகவும், மனைவி தலைமாட்டில் நின்று பிடிப்பாள் என்றும் சொன்னாய். சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு நீ ஒழுங்கை திரும்பியதும் நான் கிணற்றடிக்குப் போய் ஓங்காளித்தேன்.

ஞாயிறுதோறும் பார்க்கிறோமே, பிறகெதற்குக் கடிதம் என்று நினைப்பாய். என் வாய் உனக்குத் தெரியும். பெரிய விஷயம் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் பாதி வழியில் அது பகிடியாகிவிடும். செத்த வீட்டில் என் பக்கத்தில் இருக்கவே ஆட்கள் பயப்படுகிறார்கள். இந்த விஷயத்தை நாலு வருஷமாகச் சொல்லப் பார்த்து, நாலு வருஷமாகப் பகிடிதான் விட்டிருக்கிறேன். தாளுக்கு முன்னால் சிரிக்க ஆளில்லை. மூன்றாம் வகுப்போடு வலைக்குப் போனவன் எழுதுவது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் இதைத் தனியே வாசிக்காதே. உன் மனைவியும் மாமாவும் மாமியும் இருக்கும்போது உரத்து வாசி. ஏனென்று போகப் போகத் தெரியும்.

முதலில் தடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீ கோபத்தில் இந்தத் தாளைப் பாதியில் கிழித்தெறிந்தாலும் உன் கழுத்துத் தப்ப வேண்டும். வீட்டில் பாரம் தூக்க ஆசைப்படுகிற பெடியள் எல்லாரும் செய்கிற விசர் வேலையை நீயும் செய்யப் பார்க்கிறாய். தட்டுகளைத் தேடி நாடெல்லாம் அலைவது, மிஞ்சின சில்லறைக்கு எந்தத் தடி அகப்பட்டாலும் வாங்குவது. தட்டு எந்தக் குப்பையாகவும் இருக்கலாம், மகனே. பழைய லொறியின் பற்சக்கரம், உடைந்த ஆட்டுக்கல், சீமெந்து அகப்பட்டால் பால்மா ரின்னில் ஊற்றி எடுத்த கட்டி, எதைக் கொளுவினாலும் பாரம் பாரம்தான். தட்டு உடைந்தால் கால்விரல் நசியும். தடி உடையும்போது அது உன் முகத்துக்கு மேலே நிற்கும். கையில் கொஞ்சக் காசுதான் இருக்கிறதென்றால் அந்தக் கொஞ்சத்தையும் தடியிலே போடு.

தடி பாரமாக இருந்தால் நல்ல தடி என்று உனக்கு யார் சொன்னது? பாரத்தைத் தட்டு தரும். தடி நேராக இருக்க வேண்டும், உள்ளும் புறமும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும். சீமெந்து நிலத்தில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளு. நேரான தடி ஒரே சத்தத்தோடு உருண்டு போகும். வளைந்த தடி, கள்ளுக் குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற என்னைப்போல, நொண்டி நொண்டிப் போகும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார், நாங்கள் பாய்மரம் பார்க்கிற மாதிரி. கையால் பிடித்தால் பெருவிரல் மற்ற விரல்களுக்கு மேலே ஏறிப் பூட்ட வேண்டும். பூட்டாத தடி வியர்வையில் வழுக்கும். வழுக்குகிறதென்று சைக்கிள் ரியூப்பைச் சுற்றாதே. நாலு நாளில் அது நாறுகிற நாற்றம் ஊறவைத்த கருவாட்டை வெல்லும். நடுவில் எங்காவது ஒட்டு வைத்திருந்தால் விரலாலும் தொடாதே. தட்டுக் கழன்று போகாமல் இரண்டு பக்கமும் முறுக்கிப் பூட்டுகிற இரும்பு வளையம் போடு. கயிறு கட்டிச் சமாளிப்பம் என்று நினைக்காதே.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. தடியின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டு. முழு உருக்கென்றால் பாடும். நிறுத்தச் சொன்னாலும் நிற்காது. பைப்புக்குள் எதையாவது அடைத்திருந்தால் சளி பிடித்த கிழவன் இருமுகிற சத்தம் கேட்கும். துருப்பிடித்த தடியென்று முகம் சுளிக்காதே. சாம்பல் போட்டுத் தேய்த்தால் துரு போய்விடும். அது ஒளித்து வைக்காத அழுக்கு. பெயின்ற் பூசின தடிக்குத்தான் பயப்பட வேண்டும். இரும்புக்கு எதற்கு வெள்ளிப் பெயின்ற்? எதையோ மறைக்க. கடற்கரையில் செத்து ஊதின பேத்தை மீனும் வெயிலில் வெள்ளியாகத்தான் மின்னும்.

இவ்வளவும் எனக்கெப்படித் தெரியும்? வெள்ளிப் பெயின்ற் பூசின தடி செய்தவன் நான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு எங்கள் குருநகர்க் கரையில் ஒரு வருத்தம் தொற்றுநோய் மாதிரிப் பரவியது. வாடகைக்கு எடுத்த வீடியோவில் சண்டைப் படங்களைப் பார்த்துவிட்டுப் பெடியளெல்லாம் சட்டையைக் கழற்றி எறிந்து, நெஞ்சில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு திரிந்தார்கள். வேர்வையும் எண்ணெயும் மீன் செதிலும் சேர்ந்த அந்த மணத்தை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது. எல்லாருக்கும் தடி வேண்டும். இரும்பு ஒட்டு வேலை செய்துகொண்டிருந்த சூசையண்ணையும் நானும், கழித்துப்போட்ட கிணற்றுப் பைப்பை வெட்டி மூன்று தடி செய்தோம். ஒருவனும் வாங்கவில்லை.

"உதென்ன அண்ணை, புல்லாங்குழலே?" என்று கேட்டான் ஒருவன். "ஊதிறதோ தூக்கிறதோ?"

அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டுவிட்டது. ஊரைப் பகிடி பண்ணுகிறவனை ஊர் பகிடி பண்ணலாமோ? அடுத்த நாளே கடலோரத்து ஈர மணலை ஓலைப்பெட்டியில் அள்ளிவந்து பைப்புக்குள் குத்திக் குத்தி இறக்கினேன். பூவரசங்கட்டையில் ஆப்பு வெட்டி, போட்டின் பலகை இடுக்குகளை அடைக்கிற மாதிரிப் பஞ்சும் தாரும் வைத்து இரண்டு முனையையும் இறுக்கினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்பதில் எனக்குப் பெருமை வேறு. பிறந்ததிலிருந்து நான் படித்த வித்தை அது ஒன்றுதான், தண்ணீரை வெளியே நிறுத்துவது. உப்பையும் ஈரத்தையும் நானே உள்ளே போட்டுவிட்டு வெளியே வரவிடாமல் அடைக்கிறேன் என்று இந்த மண்டையில் ஏறவேயில்லை. அது உள்ளேயிருந்து தின்னும். வெளியே பெயின்ற் சிரித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு மடைத்தனமும் செய்தேன். வலையின் மிதப்புக்கட்டைகளில் எங்கள் வீட்டு அடையாளம் வெட்டுவோமே, ஒரு சிலுவையும் அதன்கீழ் இரண்டு கீறும்? ஆப்பைச் சீவிய கை பழக்கத்தில் அதையும் வெட்டிவிட்டது. செய்த களவுக்குத் தன் கையெழுத்தையும் வைத்தவன் இந்தக் கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதற்கு மேலேயும் பெயின்றைப் பூசினேன். மூன்று தடியும் ஒரே கிழமையில் விலைப்பட்டன. எல்லாரும் கையில் தூக்கிப் பார்த்து, "நல்ல பாரம்" என்றார்கள். நீ போன ஞாயிறு சொன்ன அதே சொல்.

நாலு வருஷம் கழித்து, உனக்குப் பத்தொன்பது வயதில், பட்டணத்தில் இரும்புக் கடை வைத்திருந்த பெரியவரிடம் ஒரு பழைய தடி வாங்கிக்கொண்டு வந்தாய். சைக்கிளில் குறுக்கே கட்டி ஒழுங்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு நீ வந்த வரத்துக்குச் சனமெல்லாம் வேலியோடு ஒதுங்கி நின்றது. முருங்கையடியில் இறக்கி வைத்தாய். அம்மா ஆலாத்தி எடுக்காத குறை. நான் குனிந்து முனையைப் பார்த்தேன். பெயின்றுக்கு மேல் பெயின்ற் பூசியிருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெருவிரலால் தடவினேன். சிலுவை. கீழே இரண்டு கீறு.

"என்னப்பா, மாப்பிள்ளை பாக்கப் போனவர் மாதிரித் தடவுறியள்?" என்றாள் அம்மா.

"மாப்பிள்ளை வடிவுதான்," என்றேன். "உள்ளுக்கை கொஞ்சம் வயித்துக்கோளாறு போலை கிடக்கு."

எல்லாரும் சிரித்தோம். நீதான் கூடச் சிரித்தாய். மகனே, அன்று நான் உனக்கு உண்மையைச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ நாள் என்னை நானே ஏமாற்றியிருக்கிறேன். உண்மையை அப்படிச் சொல்லுகிறவனை விடப் பொய் சொல்லுகிறவன் நல்லவன். அந்த இடத்திலேயே ஒரு மரக்கட்டையைப் போட்டு அந்தத் தடியை முறித்திருக்க வேண்டும். உன் முன்னால் என் முகம் போய்விடுமே என்று பயந்தேன். நாலு வருஷம் தாங்கியது இனியும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன். நீ தூக்கும்போதெல்லாம் மூன்று முழம் தள்ளியிருந்து கிழிந்த வலை பொத்துவேன். முதல் நாட்களில், நீ தடியைத் தலைக்கு மேலே கொண்டுபோகும்போது என் கை நின்றுவிடும். பிறகு நிற்கவில்லை. பழகிப்போய்விட்டது. என்னைப்பற்றி எனக்கு மிகவும் அருவருப்பானது இதுதான்.

நீ வாங்கி வந்த இரண்டாம் கிழமையில் அது முறிந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஈரத் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம். ஒரு பக்கத்துத் தட்டு உன் இடது மணிக்கட்டில் விழுந்தது. நடுவிலிருந்து கறுப்பு மணல் உன் முகத்தில் கொட்டியது. கடலில் அள்ளும்போது வெள்ளையாக இருந்த மணல். செத்த நண்டும் சேறும் பழைய இரும்பும் கலந்த நாற்றம். நீ கை நோவை மறந்துவிட்டு வாய்க்குள் போனதைத் துப்பிக்கொண்டேயிருந்தாய். அம்மா குழறிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினாள். நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு முனையிலுமிருந்த ஆப்புகளைக் கத்தியால் நெம்பி எடுத்து அடுப்பில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் உன்னைத் தூக்கினேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. உன் கையைக் கட்டுவித்த அடுத்த நாள், முறிந்த துண்டுகளைத் தோளில் வைத்துக்கொண்டு பெரியவரின் கடைக்குப் போனேன். தெருவே கூடுகிற மாதிரிக் கத்தினேன். கள்ளன் என்றேன். பிள்ளைகளின் உயிரோடு வியாபாரம் செய்கிறாய் என்றேன். நல்ல நல்ல சொற்களெல்லாம் வந்தன. நியாயம் என் பக்கம் இருந்திருந்தால்கூட அவ்வளவு வடிவாகப் பேசியிருக்கமாட்டேன். பெரியவர் துண்டுகளைக் கையில் வாங்கி, முனையில் ஒட்டியிருந்த தாரைக் கிள்ளி மணந்து பார்த்தார்.

"உதை ஆர் செய்ததெண்டு எனக்குத் தெரியாது," என்றார் ஆறுதலாக. "பெயின்றைப் பாத்து வாங்கினது என்ரை பிழை. ஆனா தம்பி, தோட்டக்காரன் தார் வைச்சு அடைக்கமாட்டான், கடற்காரன்தான் அடைப்பான்."

நான் இன்னும் உரத்துக் கத்தினேன். அவர் நீ கொடுத்த காசை எண்ணித் திருப்பித் தந்தார். நான் வாங்கினேன். வாங்கியதில் ஆட்டெலும்பு வாங்கிக்கொண்டு வந்தேன். "நல்ல சூப் அப்பா, நீங்களும் குடியுங்கோவன்" என்று வலது கையால் கோப்பையை நீட்டினாய். எனக்கு அன்றிலிருந்து ஆட்டெலும்பு ஒத்துவராது. வாய்வு என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் மணிக்கட்டு அதற்குப் பிறகு முழுக்க மடங்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் உன் கலியாணத்தில், பண்டத்தரிப்புக் கோயிலில், தாலிக்கொடியின் கொக்கியைக் கொளுவ முடியாமல் நீ தடுமாறிக்கொண்டு நின்றாய். சனம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பின்னாலிருந்து, "நங்கூரம் பிடிக்கேல்லைப் போலை, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். கோயில் முழுவதும் சிரித்தது. சாமியாரும் சிரித்தார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். சிரித்துக்கொண்டுதான் பார்த்தாய். பிறகு சாப்பாட்டுப் பந்தியில் உன் மாமனார், "சம்பந்தி, தம்பிக்குக் கையிலை என்ன?" என்று கேட்டபோது, "சின்னனிலை இருந்து உவனுக்கு அவதானம் காணாது, தூக்கத் தெரியாமல் தூக்கி முறிச்சவன்" என்று சொன்னேன். உன் காதில் விழத்தான் சொன்னேன். நீ மறுக்கவில்லை. உன்னுடைய பிழைதான் என்று நீயும் நம்பியிருக்கிறாய்.

சம்பந்தி, நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்குச் சொல்லுகிறேன். உங்கள் மருமகன் அவதானம் குறைந்தவன் இல்லை. அவன் பிடித்த பிடி சரி, தூக்கிய தூக்கும் சரி. தடிதான் நாறல். அந்த நாறலைச் செய்தவன் நான்.

இனித் திங்கட்கிழமைக் கதை. நீ சொன்ன தடியைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிய வெளிக்கிட்டுப் பண்டத்தரிப்புக்குச் சைக்கிள் உழக்கினேன். உன் வீட்டுப் பக்கம் தலை வைக்கவில்லை. கடைக்காரப் பெடியன் வாயால் விற்கிற ஆள். நான் பார்த்ததைக் கண்டதும் தடியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணை, இது அசல் லண்டன் சாமான். முந்தி இஞ்சை இருந்த வெள்ளைக்காரத் துரை தூக்கினது. கப்பலேறேக்கை விட்டிட்டுப் போனவர்."

"துரைக்கு எந்த ஊர்?"

"லண்டன்தான்."

"குருநகர் இல்லையோ?"

அவன் முழிசினான். நான் கத்தியால் முனையைச் சுரண்டினேன். ஒரு பெயின்ற், அதற்குக் கீழ் இன்னொரு பெயின்ற், அதற்குக் கீழ் பூவரசங்கட்டை. சிலுவை. இரண்டு கீறு.

"தம்பி, உதை நான்தான் செய்தனான்," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "விலையைக் குறைக்க ஆக்கள் எத்தினை கதை சொல்லுவினம்! உந்தக் கதையை நான் இண்டைக்குத்தான் கேக்கிறன்."

"எங்கடை வீட்டு அடையாளம் பார்."

"அது கொம்பனி மார்க் அண்ணை!"

நான் சிரிக்கவில்லை. அந்தப் பகிடிக்குக்கூட எனக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் பார்த்துக்கொள். தடியை இரண்டு கல்லுக்கு மேலே வைத்து, நடுவில் ஏறி நின்று ஒரு குதி குதித்தேன். மடிந்து கிழிந்தது. அதே கறுப்பு மணல், அதே நாற்றம். பெடியன் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். தடிக்கு ஈடாக என் கைமணிக்கூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அது ஓடாத மணிக்கூடு என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன். நீ போகும்போது அந்தத் தடி அங்கே இராது. உன் தலைமாட்டில் நிற்கப்போகிற பெண்ணையும், அவள் கைக்குள் வந்து முறியப்போகிற தடியையும் நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

இரண்டு தடி போய்விட்டது. மூன்றாவது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை இரண்டு படி எழுதுகிறேன். ஒன்று உனக்கு. மற்றது எங்கள் வாசிகசாலைப் பலகைக்கு. வெள்ளிப் பெயின்ற் பூசின ஆறடித் தடி வீட்டில் வைத்திருக்கிறவர்கள் முனையைச் சுரண்டிப் பார்க்கட்டும். சிலுவையும் இரண்டு கீறும் தெரிந்தால் முறித்து எறியட்டும். அல்லது என் வீட்டு வாசலில் கொண்டுவந்து போடட்டும். ஊர் இனி என்னைப் பகிடி பண்ணும். பண்ணட்டும்.

உனக்குத் தடி இல்லாமல் விடமாட்டேன். நேவிக்காரன் கடலுக்குப் போகத் தடை போட்டு, கடல் மூடியதிலிருந்து எங்கள் போட் கரையில் கட்டைகளுக்கு மேலே கிடக்கிறது. எஞ்சினிலிருந்து, தண்ணீருக்குள் சுழல்கிற விசிறிக்குப் போகிற உருக்குத் தண்டு அதில் சும்மா கிடந்தது. உப்புத் தண்ணீரில் பத்து வருஷம் சுழன்றும் ஒரு புள்ளித் துரு இல்லை. செவ்வாய்க்கிழமை கழற்றி, எஞ்சினிலும் விசிறியிலும் பூட்டக் காடி வெட்டியிருந்த இரண்டு முனைகளையும் இரும்பு அரிகிற வாளால் அரிந்தேன். ஒரு பகல் முழுவதும் பிடித்தது.

"கடல் திறந்தா என்ன செய்வியள்?" என்று கேட்டாள் அம்மா.

"நீந்துவன்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அரிந்த இடம் உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் அரத்தால் எங்கள் அடையாளத்தையும் கீறியிருக்கிறேன். பிடிக்கக் கொஞ்சம் தடிப்புத்தான், ஆனால் உன் பெருவிரல் பூட்டும். என் விரலில் அளந்து பார்த்தேன். இடது கையை நடுவிலிருந்து கொஞ்சம் அகலமாக வைத்துப் பிடி. படுத்துக்கொண்டு தூக்குவதென்றால் தடியைத் தாங்க இரண்டு பக்கமும் தலையில் கவர் வெட்டிய பனங்கால் நட்டுக்கொள், மனைவியை நிற்பாட்டாதே.

இதுவரை புதன்கிழமை எழுதி வைத்தேன். இன்று வெள்ளிக்கிழமை.

வாசிகசாலைக்குப் போகப் புறப்பட்டவன், பட்டணத்துப் பெரியவரிடம் முதலில் சொல்லாமல் அங்கே போக மனம் வராமல், இதுவாவது நல்ல இரும்போ என்று அவரிடமே கேட்க உருக்குத் தண்டைச் சைக்கிளில் குறுக்கே கட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கடையை மூடிவிட்டார். கண்ணில் பூ விழுந்து ஒன்றும் தெரியாது. சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

"ஆர்?"

"குருநகராள் ஐயா. தடி முறிஞ்சுதெண்டு சண்டைக்கு வந்தவன்."

"இப்ப என்ன முறிஞ்சது?"

கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவரலாம் என்று நினைத்துப் போனவன் நான். அவருக்கோ கண் இல்லை. நானே வாசிக்க வேண்டியதாயிற்று. உனக்கு எழுதின ஒவ்வொரு சொல்லையும், அவரைக் கள்ளன் என்ற இடத்தையும், ஆட்டெலும்பையும் என் வாயாலேயே வாசித்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கு ஓடித் தப்பவும் முடியாது, மகனே. முடித்ததும் அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார். "உன்ரை நகமெல்லாம் தார்."

"பின்னை ஏன் ஐயா சொல்லேல்லை?"

"நீ குடுத்த சத்தத்திலை ஆருக்குக் கேட்டிருக்கும்?"

அவர் கையை நீட்டினார். "என்னவோ இரும்பு கொண்டந்து சாத்தினாய், கேட்டது. அதைத் தூக்கிப் பிடி."

நடுவில் கயிறு கட்டித் தூக்கிப் பிடித்தேன். மடியிலிருந்த பூட்டுத் திறப்புக் கொத்தால் ஒரு தட்டுத் தட்டினார். அறை முழுவதும் நிறைந்தது. அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, அது தேய்ந்து தேய்ந்து நிற்கும்வரை கேட்டார்.

"உருக்கு," என்றார். "உள்ளுக்கை ஒளிச்சது ஒண்டுமில்லை. அப்பிடியே குடு. பெயின்ற் அடிச்சுப்போடாதை."

திரும்பி வரும் வழியில் மற்றப் படியை வாசிகசாலைப் பலகையில் ஒட்டிவிட்டேன். ஒட்டி முடிய முதலே இரண்டு பேர் தோளுக்கு மேலால் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

வருகிற ஞாயிறு நீ வருவாயோ தெரியாது. வராவிட்டால் அம்மா என்னைக் கேட்பாள். அவளுக்கும் இன்றிரவு வாசித்துக் காட்ட வேண்டும். தண்டை முருங்கையடியில், தட்டு விழுந்த அதே இடத்தில், கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்தில் சுத்தியல் கிடக்கிறது. வந்தால் என்னோடு கதைக்க முதல் அதைத் தட்டு. என் சொல்லை நம்பித் தூக்காதே. சத்தம் முழுக்க நிற்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன். நின்ற பிறகு நீ முதலில் கதை.

உன் அப்பா